புது டைப் ஆர் எடுத்தாச்சா? முதல் 1000 கிலோமீட்டர் எப்படி ஓட்டணும்னு பார்ப்போம்

என் தம்பி இப்பதான் ஹோண்டா சிவிக் டைப் ஆர் எடுத்தான், எஃப்எல்5 மாடல். 2.0 லிட்டர் டர்போ, 319 குதிரை சக்தி, ஆறு கியர் மேனுவல். சாவி வாங்குன அன்னிக்கே சேல்ஸ்மேன் சொல்லியிருக்கார், "இப்ப உள்ள எஞ்சினுக்கு ரன்னிங் இன் எல்லாம் தேவையில்ல போஸ், சும்மா ஓட்டுங்க"ன்னு. தம்பி நேரா என் வீட்டுக்கு வந்து "அண்ணே, அப்படியா?"ன்னு கேட்டான். இல்லடா, காடியோட புத்தகத்தை எடுன்னு சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அவனுக்கு உக்காந்து சொன்னதைத்தான் இங்க எழுதுறேன். பினாங்குல புதுசா ஸ்போர்ட்ஸ் காடி எடுக்குற யாருக்கும் இது உதவும், கியர்பாக்ஸ் ஓட்டோவா இருந்தாலும் பரவாயில்ல.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வச்சிக்குங்க. ரன்னிங் இன்னா மெதுவா ஓட்டுறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது இல்ல. எஞ்சினை ஒரே மாதிரி வேலை வாங்காம, ஏத்தி இறக்கி, மாத்தி மாத்தி வேலை வாங்குறதுதான் ரன்னிங் இன். ஜாம்ல ஊர்ந்து ஊர்ந்து 1000 கிலோமீட்டர் ஓட்டுனா மீட்டர்ல நம்பர் ஏறும், எஞ்சினுக்குள்ள நடக்க வேண்டிய வேலை பாதிதான் நடந்திருக்கும்.

உள்ள என்ன நடக்குது

பாட்டி வீட்டுல புது அம்மி வாங்குனா என்ன பண்ணுவாங்கன்னு ஞாபகம் இருக்கா? கொத்துன அம்மில முதல் நாளே சட்னி அரைக்க மாட்டாங்க. தவிடோ அரிசியோ போட்டு நாலஞ்சு தடவை அரைச்சு வழிச்சுக் கொட்டுவாங்க, கல்லுத்தூள் எல்லாம் போய், அம்மியும் குழவியும் ஒண்ணுக்கொண்ணு படிஞ்ச பிறகுதான் சமையலுக்கு எடுப்பாங்க. எஞ்சினும் கிட்டத்தட்ட அப்படித்தான். சிலிண்டர் சுவரை ஃபேக்டரில வழவழன்னு விடுறதில்ல, ஹோனிங் பண்ணி மெல்லிசா குறுக்குக்கோடு போட்டுதான் விடுவாங்க, அந்தக் கோட்டுக்குள்ளதான் ஓயில் நிக்கும். பிஸ்டன் ரிங் அந்தச் சுவர்ல தேய்ச்சு, மேல இருக்குற கூரான முனைகளை மட்டும் சமப்படுத்தி, தனக்குன்னு ஒரு படிமானம் பண்ணிக்கும்.

ரிங் சுவரோட ஒட்டுறது அதோட ஸ்பிரிங் சக்தியால மட்டும் இல்ல. பெட்ரோல் எரியும்போது வர்ற அழுத்தம் ரிங்குக்குப் பின்னால போய் அதை வெளிய தள்ளுது, அதுதான் நல்லா அழுத்திப் பிடிக்குது. அதனால எஞ்சினுக்கு கொஞ்சமாவது லோட் குடுக்கணும். ரொம்ப பயந்து பயந்து ஓட்டுனா அழுத்தம் பத்தாது, ரிங் சரியா உக்காராது, நாளடைவுல சுவர் பளபளன்னு ஆயிடும், கொத்து தேஞ்ச அம்மி மாதிரி. அப்புறம் ஓயில் மேல ஏறி எரிய ஆரம்பிக்கும். அதுக்காக முதல் நாளே முழுசா அமுக்குனா, படியாத உலோகம் ரெண்டும் சூடாகி ஒண்ணை ஒண்ணு சுரண்டிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நாம ஓட்டணும்.

முதல் வேலை: புத்தகம்

சத்தியமா இதை விட முக்கியமான படி வேற இல்ல. ஹோண்டா புத்தகத்துல முதல் 300 கி.மீ. வரைக்கும் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க, முதல் 1000 கி.மீ. வரைக்கும் திடீர்னு வேகம் எடுக்காதீங்க, முழு திரோட்டல் குடுக்காதீங்க, அதாவது ஆக்ஸிலரேட்டரை முழுசா அமுக்காதீங்கன்னு இருக்கும். பிஎம்டபிள்யூவோட "எம்" வரிசை ஸ்போர்ட்ஸ் காடிங்களுக்கு 2000 கி.மீ. வரைக்கும், 5500 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிஷத்துக்குச் சுத்துற சுத்து), 170 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, 2000-ல ஒரு தனி சர்விஸே இருக்கு. ஃபோக்ஸ்வாகன்ல முதல் 1000 கி.மீ.க்கு உச்ச ஆர்பிஎம்ல மூணுல ரெண்டு பங்குக்குள்ள வச்சிக்கச் சொல்வாங்க. பாருங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. அதனால கீழ நான் சொல்ற நம்பர் உங்க புத்தகத்தோட மோதுனா புத்தகத்தைத்தான் கேக்கணும், என்னை இல்ல.

ரெண்டாவது: காடி எடுக்குற அன்னிக்கு

டயர் காத்து பாருங்க. ஷோரூம்ல இருந்து வர்ற காடில காத்து கூடுதலா இருக்குறது சகஜம், டிரைவர் கதவுப் பக்கத்துல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்கோ அதுக்குக் கொண்டு வாங்க. பெட்ரோல் மூடியைத் திறந்து எந்த ரோன் (பெட்ரோலோட ஓக்டேன் நம்பர்) போட்டிருக்குன்னு பாத்துட்டு ஊத்துங்க, இந்த மாதிரி டர்போ காடிக்கு நான்னா 97-க்குக் கீழ போக மாட்டேன். முதல் ரெண்டு மூணு நாள் ஒரு கருகுன வாடை வரும், புகைக்குழாய், பிரேக் மேல பூசியிருக்குற பாதுகாப்புப் பூச்சு எரியுற வாடை அது. பயப்படாதீங்க. ஆனா ஒரு வாரம் ஆகியும் போகலைன்னா, இல்ல பச்சை பெட்ரோல் வாடை வந்துச்சுன்னா உடனே காட்டிடுங்க.

புது டயர் மேல வழவழப்பு இருக்கும், அது போறதுக்கு சில நூறு கிலோமீட்டர் ஆகும். மழைல கூடுதல் கவனம் வேணும், நம்ம ஊர் மழை தெரியும்தானே.

மூணாவது: தண்ணி சூடு வேற, ஓயில் சூடு வேற

இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. மீட்டர்ல முள்ளு நடுவுக்கு வந்துட்டா எஞ்சின் சூடாயிடுச்சுன்னு நினைச்சு அமுக்கிடுவாங்க. அது கூலன்ட் சூடு மட்டும்தான். ஓயில் அதுக்கு அப்புறம்தான் மெதுவா சூடாகும். தம்பி காடில ஓயில் சூட்டைத் தனியா ஸ்க்ரீன்ல பாக்கலாம். ஒரு நாள் காலைல ஜெலுத்தோங்ல இருந்து கிளம்பி அவன் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வந்தேன். கூலன்ட் முள்ளு நடுவுல நின்னப்ப ஓயில் 58 டிகிரிதான். பினாங்கு பாலத்துல ஏறி, பாதி பாலம் தாண்டுன பிறகுதான் 80-ஐத் தொட்டுச்சு. வெளிய 30 டிகிரி வெயில் அடிக்குற ஊர்லயே இப்படின்னா பாத்துக்குங்க.

அதனால ஓயில் 80 வர்ற வரைக்கும் 2500, 3000 ஆர்பிஎம்முக்குள்ள மெதுவா போங்க. ஸ்க்ரீன்ல ஓயில் சூடு காட்டாத காடியா இருந்தா, முள்ளு நடுவுக்கு வந்த பிறகும் ஒரு பத்து நிமிஷம் கணக்கு வச்சிக்குங்க. ஆனா வீட்டு வாசல்ல நிறுத்தி ஐடல்ல விட்டு சூடாக்காதீங்க. ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷம் போதும், கிளம்பிடலாம். சும்மா நின்னு ஓடுற எஞ்சின்ல அழுத்தமே இல்ல, ரிங்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, எரியாத பெட்ரோல் வேற கீழ இறங்கி ஓயில்ல கலக்கும்.

இதையே இன்னொரு பக்கமா பாருங்க. பசார் வரைக்கும் ரெண்டு கிலோமீட்டர் போய் வர்றதுக்கு முதல் மாசம் இந்தக் காடியை எடுக்காதீங்க. ஓயில் சூடாகுறதுக்குள்ள நிறுத்திடுறீங்க. வீட்டுல வேற காடியோ மோட்டர்சைக்கிளோ இருந்தா அதுல போங்க.

நாலாவது: 0-ல இருந்து 300 வரைக்கும்

3500 ஆர்பிஎம்முக்கு மேல வேணாம், திரோட்டல் பாதிக்கு மேல வேணாம். டிரைவ் மோட் கம்ஃபர்ட்லயே இருக்கட்டும், பிளஸ் ஆர்ங்குற ரேஸ் மோட் பக்கமே போகாதீங்க. பிரேக்கை முன்கூட்டியே, மெதுவா, நீளமா பிடிங்க. கிளட்ச்சும் புதுசு, மேட்டுல பாதி கிளட்ச்சுல காடியை நிறுத்தி வைக்காதீங்க, ஹேன்ட்பிரேக் போட்டு ஏத்துங்க.

அதே சமயம் ரொம்ப தாழ்ந்த ஆர்பிஎம்மும் ஆபத்து. ஆறாவது கியர்ல 1500-ல போய்க்கிட்டு இருக்கும்போது முந்துறதுக்கு அமுக்குனா எஞ்சின் திணறும், டர்போ எஞ்சின்ல அந்த இடத்துல உள்ள அழுத்தம் ரொம்ப அதிகமாயிடும். கியரைக் குறைச்சிட்டு அமுக்குங்க.

அஞ்சாவது: 300-ல இருந்து 700 வரைக்கும், மலை ரோடு

இங்கதான் பினாங்குல இருக்குற நமக்கு யோகம். தெலுக் பஹாங் பக்கத்துல அணைக்கட்டு தாண்டி தித்தி கெராவாங் வழியா பாலிக் பூலாவ் போற ரோடு இருக்கே, அதை விட நல்ல ரன்னிங் இன் ரோடு எனக்குத் தெரிஞ்சு இல்ல. சனி ஞாயிறு சைக்கிள் ஓட்டுறவங்க நிறைய, டுரியான் சீசன்ல கடை முன்னால காடிங்க வரிசையா நிக்கும், அதனால வார நாள்ல காலை ஏழு மணிக்கெல்லாம் போயிடுங்க.

மேட்டுல ஏறும்போது மூணாவது கியர், சில வளைவுல ரெண்டாவது, 2500-ல இருந்து 4000, 4500 வரைக்கும் ஏறி இறங்கட்டும். திரோட்டல் பாதிக்குக் கொஞ்சம் மேல. வேகம் 50, 60-தான் இருக்கும் ஆனா எஞ்சினுக்கு நல்ல லோட். அப்புறம் இறக்கத்துல கியரைப் போட்டபடியே காலை எடுத்துடுங்க, நியூட்ரல்ல விடாதீங்க, எஞ்சினே காடியைப் பிடிக்கட்டும். அப்ப சிலிண்டருக்குள்ள ஒரு உறிஞ்சல் வரும், ஓயில் ரிங் பக்கம் இழுபட்டு வந்து, தேய்ஞ்ச பொடியைக் கழுவிக்கிட்டுப் போகும். ஏத்தத்துல அழுத்தம், இறக்கத்துல உறிஞ்சல், மாத்தி மாத்தி. திரும்பி வர்றப்ப துன் சார்டோன் ரோட்டுல ஏறி பாயா தெருபோங் பக்கம் இறங்குனா இன்னொரு மலையும் கணக்குல சேர்ந்துடும். தம்பி இந்தச் சுத்தை நாலு தடவை போனான்.

ஆறாவது: 700-ல இருந்து 1000 வரைக்கும், ஹைவே

பாலம் தாண்டி பிளஸ் ஹைவேல ஏறி ஈப்போ போயிட்டு வாங்க, போக வர கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர். க்ரூஸ் கன்ட்ரோலை (வேகத்தைத் தானாவே ஒரே அளவுல பிடிச்சு வைக்கிற வசதி) தொடவே தொடாதீங்க. இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. என்னோட முதல் டர்போ காடிக்கு நான் பண்ணது என்னன்னா, பாயான் லெப்பாஸ் வேலைக்கு தினமும் ஜாம்ல, மிச்சத்தை ஒரே ஒரு கோலாலம்பூர் டிரிப்புல, க்ரூஸ் கன்ட்ரோல்ல 110-ல கால் மேல கால் போட்டு முடிச்சேன். பிறகு அந்தக் காடி 3000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கிட்ட ஓயில் குடிச்சது. அதனாலதான்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா அந்த எஞ்சினுக்கு செய்ய வேண்டியதை நான் செய்யலைங்குற வருத்தம் காடியை விக்கிற வரைக்கும் போகலை.

ஹைவேல 80, 95, 110, திரும்ப 90, இப்படி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. ஆறுல இருந்து அஞ்சு, நாலுன்னு கியரையும் மாத்துங்க. டோல் தாண்டி வெளிய வரும்போது, பின்னால காடி இல்லைன்னு பாத்துட்டு, மூணாவது கியர்ல 2500-ல இருந்து 4500 வரைக்கும் முக்கால் திரோட்டல்ல ஒரே இழுப்பு, அப்புறம் காலை எடுத்து அதே கியர்ல தானா இறங்க விடுங்க. நாலஞ்சு தடவை போதும். வேகம் சட்டத்துக்குள்ளதான் இருக்கும், 110-ஐத் தாண்டத் தேவையே இல்ல. கோலகங்சார் தாண்டி மெனோரா சுரங்கத்துக்கு ஏறுற மேட்டுல லாரிங்க பின்னால ஆறாவது கியர்ல திணறிக்கிட்டு போகாம நாலுல போங்க.

எங்கயாவது நல்லா அமுக்கி ஓட்டிட்டு நிறுத்துறதா இருந்தா கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டர் மெதுவா வாங்க. டர்போ நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு மேல சுத்துற சாமான், அதுக்கு ஓயில்தான் உயிர். சூட்டோட சூடா ஆஃப் பண்ணா உள்ள நிக்கிற ஓயில் கருகிப் பிடிச்சுக்கும்.

ஏழாவது: ஓயில் குச்சி

ரன்னிங் இன் நேரத்துல எஞ்சின் கொஞ்சம் ஓயில் எடுக்கலாம், அதனால 500-ல ஒரு தடவை, 1000-ல ஒரு தடவை பாருங்க. சமதரையா நிறுத்துங்க, ஆஃப் பண்ணி மூணு நிமிஷம் விடுங்க, குச்சியை உருவி டிஷ்யூல துடைச்சு, திரும்ப முழுசா விட்டு எடுத்துப் பாருங்க. ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கணும். தம்பி 500-ல பாத்தப்ப தேன் கலர்ல, மேல் புள்ளிக்கு ஒரு நெல்லு அளவு கீழ இருந்துச்சு. 1000-லயும் அதே இடம், கலர் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்துச்சு. மோந்தும் பாருங்க. பெட்ரோல் வாடை தூக்கலா அடிச்சா, அளவும் கூடியிருந்தா, குட்டி குட்டி டிரிப் அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம்.

1000 கிலோமீட்டர் சர்விஸுக்குப் போகும்போது ஓயில் மாத்துவாங்களா, இல்ல சும்மா செக் மட்டும்தானான்னு முன்னாலயே கேட்டுக்குங்க. 200-லயே ஓயிலைக் கொட்டிடுன்னு சொல்ற ஃபோர்மேன்கள் இருக்காங்க. எஞ்சின் பிரிச்சு, சிலிண்டரை ரீபோர் பண்ணி (திரும்பக் குடைஞ்சு) புது ரிங் போட்ட காடிக்கு அது சரியான பேச்சு. ஃபேக்டரில கூட்டி, அங்கயே ஓட்டிப் பாத்து அனுப்புன எஞ்சினுக்கு கம்பெனி சொன்ன நேரம் வரைக்கும் விடலாம், ஹோண்டா புத்தகமும் முன்னாலயே மாத்தச் சொல்றதில்ல. முதல் நாளே முழுசா அமுக்கி ஓட்டுங்கன்னு சொல்ற முறையும் ரேஸ் எஞ்சின் பக்கத்துல இருந்து வந்ததுதான், ரிங்குக்கு அழுத்தம் வேணும்ங்குற வரைக்கும் அது நிஜம், உங்க வாரன்ட்டி காடிக்கு மிச்சம் வேணாம்.

1000 தாண்டியாச்சு

உடனே 7000 ஆர்பிஎம்முக்குப் போயிடாதீங்க. 1200 கி.மீ. வரைக்கும் 5500 ஆர்பிஎம், 1500 கி.மீ. வரைக்கும் 6000, 6500, அப்படியே படிப்படியா. ஒவ்வொரு தடவையும் ஓயில் 80 தாண்டியிருக்கணும், இந்தப் பழக்கம் காடி இருக்குற வரைக்கும் வேணும். தம்பி 1530 கி.மீ.ல முதல் தடவையா ரெட்லைன் (மீட்டர்ல சிவப்புக்கோடு, ஆர்பிஎம்மோட எல்லை) வரைக்கும் இழுத்தான், ரெண்டாவது கியர்ல, ஜூரு பக்கம் ஹைவேல ஏறுற ரோட்டுல, நான் பக்கத்துல இருந்தேன். எங்கயும் ஒரு தயக்கம் இல்லாம ஏறுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு டேங்க்குக்கு ஒரு தடவை குச்சியைப் பாத்து கி.மீ., அளவு ரெண்டையும் ஃபோன்ல எழுதி வைக்கிறான்.