விடுதி, உணவகப் பணியில் காயமடைந்தால் இழப்பீடு கோருவது எப்படி?

உணவகத்திலும் தங்கும் விடுதியிலும் நடக்கும் விபத்துகளுக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. தொழிற்சாலையில் இயந்திரம் ஒருவரின் கையைப் பிடித்துவிட்டால், மறுநாளும் அந்த இயந்திரம் அங்கேயே நிற்கும். உணவகத்திலோ, வழுக்கச் செய்த எண்ணெய் சில நிமிடங்களில் துடைக்கப்பட்டுவிடும்; உடைந்த கண்ணாடிக் குவளை குப்பைக்கும், ரத்தம் பட்ட விரிப்பு சலவைக்கும் போய்விடும். அடுத்த வாடிக்கையாளர் நுழைவதற்குள் எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் இலக்கணம். ஆகவே இத்துறையில் ஓர் இழப்பீட்டுக் கோரிக்கையின் வலு, சட்ட நுணுக்கங்களைவிட, முதல் சில நாள்களில் என்னென்ன எழுத்தில் பதிந்தன என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

முதலில் சிகிச்சை. அன்றைய ஷிப்டை முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் உடலுக்கும் தீங்கு, கோரிக்கைக்கும் தீங்கு. மூன்று நாள் கழித்து மருத்துவரிடம் போனால், இடைப்பட்ட நாள்களில் வீட்டில்தான் அடிபட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும். மருத்துவரிடம் காயம் பணியிடத்தில் எப்படி ஏற்பட்டது என்பதைச் சொல்லி, அது சிகிச்சைக் குறிப்பில் எழுதப்படுவதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். “தீக்காயம்” என்று மட்டும் எழுதிய சீட்டைவிட, “பணியிடத்தில் பொரிக்கும் எண்ணெய் சிந்தியதால் வலது முன்கையில் தீக்காயம்” என்று எழுதிய சீட்டு பல மடங்கு பயன்படும்.

அறைகளைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங் பணியாளர்கள் ஒன்றைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். குப்பைப் பையிலோ படுக்கை விரிப்பிலோ கிடந்த ஊசி குத்திவிட்டால், அதை அற்பக் காயம் என்று விட்டுவிடக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அதோடு, குத்திய உடனே செய்யப்படும் ரத்தப் பரிசோதனைக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. அன்று தொற்று இல்லை என்று காட்டும் அறிக்கை கையில் இருந்தால்தான், பின்னாளில் ஹெப்படைடிஸ் போன்ற ஒன்று தெரியவரும்போது அதைப் பணியோடு தொடர்புபடுத்திக் காட்ட முடியும்.

அடுத்து, நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகச் சொன்னது, அவர் வேறு கிளைக்கு மாறிப் போனதும் காற்றோடு போய்விடும். விபத்துப் பதிவேடு இருந்தால் அதில் பதிவு செய்யச் சொல்லி, அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். பதிவேடு இல்லையென்றாலோ எழுத மறுத்தாலோ, அன்றே ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பினால் நேரத்தோடு கூடிய சான்று கிடைத்துவிடும். வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி: “இரவு 9.40 மணியளவில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் குளிர்பதன அறைக்கும் இடைப்பட்ட வழியில், தரையில் கசிந்திருந்த எண்ணெயில் வலது கால் வழுக்கி, இடது மணிக்கட்டு ஊன்றும்படி விழுந்தேன். எச்சரிக்கைப் பலகை வைக்கப்படவில்லை. உடன் பணிபுரிந்த இருவர் பார்த்தனர்.” இதில் கோபமோ குற்றச்சாட்டோ இல்லை. “என் கவனக்குறைவால்” என்ற சொல்லும் இல்லை. மரியாதைக்காக மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இத்தொழிலில் ஊறிப்போனது. விபத்து அறிக்கை அதற்கான இடமன்று.

இடத்தையும் காலணியின் அடிப்பாகத்தையும் படமெடுத்து வைப்பதும், பார்த்தவர்களின் கைபேசி எண்களை வாங்குவதும் அன்றே முடிய வேண்டிய வேலைகள். ஆள்கள் அடிக்கடி மாறும் துறை இது. சில மாதங்களில் சாட்சி எங்கே இருப்பார் என்றே தெரியாது. கண்காணிப்பு கேமராப் பதிவுகளும் குறிப்பிட்ட நாள்களுக்குப் பின் தாமாக அழிந்துவிடும் என்பதால், தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, அப்பகுதியைப் பாதுகாத்து வைக்குமாறு எழுத்தில் கேட்க வேண்டும். கேட்ட பிறகும் அது அழிக்கப்பட்டால், பழி யார் மேல் விழும் என்பதே மாறிவிடக்கூடும்.

எந்த வழியில் கோருவது என்பது நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும், அடிப்படை வழிகள் இரண்டு. முதலாவது, தவறு யாருடையது என்று ஆராயாமல், பணியின்போது நேர்ந்த காயம் என்ற ஒன்றை மட்டும் வைத்து இழப்பீடு தரும் காப்பீட்டு முறை. 1884-இல் ஜெர்மனி கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இதற்கு முன்னோடி. இம்முறையில் பணம் ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் தொகைக்கு வரம்பு உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1964-ஆம் ஆண்டு 121-ஆம் உடன்படிக்கை, மனைவியும் இரு குழந்தைகளும் உள்ள தொழிலாளியை அளவுகோலாகக் கொண்டு, தற்காலிக இயலாமைக் காலத்துக்கு முந்தைய வருவாயில் 60 விழுக்காட்டைக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. இரண்டாவது, முதலாளியின் அலட்சியத்தை நிரூபித்து நீதிமன்றத்தில் முழு இழப்பையும் கோருவது. இதற்குச் சான்றுச் சுமை அதிகம். தொழிலாளியின் பங்கும் இருந்ததாகத் தெரிந்தால் தொகை குறையும். சில நாடுகளில் முதல் வழியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாவது வழி அடைபட்டுவிடும் என்பதால், மனுவில் கையெழுத்திடுமுன் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் வழக்கறிஞரிடமோ கேட்டுவிடுவது நல்லது. காலக்கெடுவையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கெடு தாண்டிய கோரிக்கையை வலுவான சான்றுகூட மீட்பது அரிது.

ஒரே நாளில் நேராத காயங்களும் உண்டு. நாள்தோறும் மெத்தை தூக்கித் தேய்ந்த முதுகும், கனத்த தட்டுகளைச் சுமந்து வலியெடுத்த தோளும் இதில் சேரும். இவற்றுக்கு வலி எப்போது தொடங்கியது, ஒரு ஷிப்டில் எத்தனை அறைகள் ஒதுக்கப்பட்டன, யாரிடம் முறையிட்டோம் என்ற நாட்குறிப்பே விபத்து அறிக்கைக்கு ஈடாகும். இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் வழியில் நேரும் விபத்தும் சில நாடுகளில் பணி விபத்தாகவே கொள்ளப்படுகிறது.

தொகையைக் கணக்கிடும்போது இத்துறையினர் அதிகம் இழப்பது டிப்ஸ் கணக்கில்தான். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து இழப்பீடு கணக்கிடப்பட்டால், உண்மை வருவாயில் பெரும்பகுதி கணக்கிலேயே வராமல் போகலாம். சர்வீஸ் சார்ஜ் பங்கு, டிப்ஸ், கூடுதல் நேர ஊதியம், நிர்வாகம் தரும் உணவும் தங்குமிடமும் ஆகியவற்றைச் சட்டம் எந்த அளவுக்கு ஊதியமாக ஏற்கிறது என்று கேட்டறிந்து, ஏற்கும் ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் சேர்க்க வேண்டும். டிப்ஸ் பங்கிடும் நோட்டின் படமும், தவறாமல் வங்கியில் போட்டுவந்த தொகையின் பதிவும் இங்கே கைகொடுக்கும்.

சம்பளச் சீட்டே இல்லாமல் ரொக்கமாக வாங்குபவர்களும் ஒப்பந்ததாரர் வழியாக வந்தவர்களும் தங்களுக்கு உரிமையில்லை என்று தாமே முடிவுகட்டிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. ஷிப்ட் அட்டவணை, வாட்ஸ்அப் குழுவில் வந்த பணி உத்தரவுகள், சீருடையோடு எடுத்த படம், வருகைப் பதிவு ஆகியவை சேர்ந்து பணியுறவை நிறுவ உதவும். ஒப்பந்ததாரர், விடுதி நிர்வாகம் ஆகிய இருவரில் பொறுப்பு யாருடையது என்று தெளிவாகாத நிலையில், இருவருக்குமே அறிவிப்பு அனுப்பிவிட வேண்டும்.

மருத்துவச் செலவைத் தருகிறோம், இந்தத் தாளில் கையெழுத்திடுங்கள் என்று நிர்வாகம் பரிவோடு அணுகும் தருணத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி அந்தத் தாளில் இருந்தால், செலவுத் தொகையை வாங்கியதோடு எல்லாம் முடிந்துவிடும். தீக்காயத் தழும்பு விரலை மடக்க விடாமல் இறுகுவதும், எலும்பு சேர்ந்த பின் மூட்டு பழைய அளவுக்குத் திரும்பாததும் மாதங்கள் கழித்தே தெரியும். காயம் இனி மேலும் தேறாது என்று மருத்துவர் எழுத்தில் சொல்லி, நிரந்தர இயலாமையின் அளவு மதிப்பிடப்படும் வரை இறுதித் தீர்வில் கையெழுத்திடாமல், அதுவரை பெறும் தொகைக்கெல்லாம் “இடைக்காலத் தொகை” என்று குறிப்பிட்ட ரசீதை மட்டும் கொடுக்க வேண்டும்.