வாயுப் பகுப்பாய்வியின் மின்னணுப் பழுதைக் கண்டறியும் முறை

ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் அகச்சிவப்புப் பகுப்பாய்வி தாறுமாறாக அளவு காட்டத் தொடங்கினால், உடனே உறையைத் திறக்க வேண்டாம். மாதிரிக் குழாயைக் கழற்றிவிட்டு, உலர்ந்த நைட்ரஜனைச் சில நிமிடங்கள் செலுத்திப் பாருங்கள். அளவு சுழியில் நிலைத்து நின்றால், கோளாறு பெரும்பாலும் குழாயிலோ வடிகட்டியிலோ பம்பிலோதான் இருக்கும். நைட்ரஜன் ஓடும்போதும் அளவு அலைந்தால் மட்டுமே உள்ளே பார்க்க நியாயம் உண்டு.

திறப்பதற்கு முன் மின் இணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகள் வடியும்வரை காத்திருங்கள். 230 வோல்ட் மாறுமின்சாரத்தை நேரடியாக நேர்மின்சாரமாக மாற்றும் எஸ்.எம்.பி.எஸ். (சுவிட்ச் முறை மின்வழங்கி) பகுதியில் சுமார் 325 வோல்ட் தேங்கியிருக்கக்கூடும். அது உயிருக்கு ஆபத்தானது.

முதல் சோதனை பவர் சப்ளைக்கு. பழைய கருவிகளில் 7815 ரெகுலேட்டர் (15 வோல்ட்டை நிலையாகத் தரும் சில்லு) இருந்தால், அதன் வெளியீடு 14.4 முதல் 15.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் மல்டிமீட்டரின் டி.சி. அளவை மட்டும் நம்பினால் ஏமாற நேரிடும். வடிகட்டும் மின்தேக்கி வலுவிழந்து, ரெகுலேட்டரின் உள்ளீடு வினாடிக்கு நூறு முறை 17 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினாலும் வெளியீட்டின் சராசரி ஏறத்தாழச் சரியாகவே தெரியும். மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அலையாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பை வைத்தால்தான் 100 ஹெர்ட்ஸ் பள்ளங்கள் புலப்படும். அப்படித் தெரிந்தால், சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் வகை மின்தேக்கியை வாங்கி, பொருத்துவதற்கு முன் அதன் கொள்ளளவையும் ஈ.எஸ்.ஆர். (உள் தொடர் மின்தடை) அளவையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அகச்சிவப்பு மூலத்திற்குச் செல்லும் மின்னோட்டத்தையும், ஒளிக்கற்றையை விட்டுவிட்டு மறைக்கும் சாப்பர் சக்கரத்தின் ஒளியுணரியிலிருந்து சீரான துடிப்பு வருகிறதா என்பதையும் பாருங்கள். இவை பழுதானால் எளிதில் தெரிந்துவிடும்.

சென்னையில் மிகுந்த பொறுமையைக் கோருவது அகச்சிவப்பு உணரியின் நுண்ணிய சமிக்ஞையைப் பெருக்கும் முன்பெருக்கிதான். வெப்ப மாற்றத்தை மின் சமிக்ஞையாக்கும் பைரோ எலெக்ட்ரிக் உணரியோடு பல ஜிகா ஓம் மின்தடை இணைந்திருப்பதால், போர்டின் மேல் படிந்த ஒரு விரல் ரேகையோ உப்புப் படலமோ ஈரத்தை உறிஞ்சி மின்கசிவுக்கு வழிவிடும். காலையில் சுழி நகர்ந்துகொண்டே இருந்து, கருவி சூடேறிய பிறகு மதியத்திற்குள் அடங்கிவிட்டால் இதையே முதலில் சந்தேகியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த அறிகுறி மேலும் தெளிவாகத் தெரியும். உடலின் நிலைமின்னைத் தரையிறக்கும் பட்டையை மணிக்கட்டில் அணிந்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான தூரிகையில் தொட்டுக் கழுவி, மிதமான சூட்டில் முழுமையாக உலர்த்துங்கள்; உணரியின் ஒளிச்சாளரத்தில் மட்டும் தூரிகை படக் கூடாது. குளிர்ந்த போர்டின் மேல் கடற்கரை ஊரின் ஈரக்காற்று பட்டால் நீர் கோத்துவிடும் என்பதால், இரவில் அறையின் ஏ.சி.யை நிறுத்தும் ஆய்வகங்களில் கருவியை அணைக்காமல் விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

திரையில் அளவு சரியாக இருந்து, பதிவுக் கருவியில் மட்டும் பிழை தெரிந்தால், 4–20 மில்லி ஆம்பியர் வெளியீட்டைச் சோதியுங்கள். அதன் குறுக்கே 250 ஓம் மின்தடையைப் பொருத்தினால் சுழியில் 1 வோல்ட்டும் முழு அளவில் 5 வோல்ட்டும் கிடைக்க வேண்டும்.

பழுது நீங்கிய பின், கையேட்டில் குறிப்பிட்ட நேரம் கருவியைச் சூடேறவிட்டு, நைட்ரஜனாலும் சான்றளிக்கப்பட்ட அளவுத்திருத்த வாயுவாலும் மீண்டும் சரிபார்த்து, அளந்த மின்னழுத்தங்களைத் தேதியுடன் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.