1974இல் ஓர் உளவாளி: வன்னியில் பத்து நிமிடக் குறும்படம் எடுப்பது எப்படி

முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். ‘எழுபதுகள்’ என்று பொதுவாக விட்டால் உடுப்பு ஒரு காலத்திலும் பெயர்ப்பலகை இன்னொரு காலத்திலும் நிற்கும். 1974 நல்ல தெரிவு. அரிசியை இடம்விட்டு இடம் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்து, பொலிஸ் வீதியில் தடை போட்டு அரிசி தேடிய காலம் அது. கலியாண வீட்டுக்கு ஐந்து கொத்து (அந்தக்கால அளவை) அரிசியைக் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குக் கடத்துவது ஓர் உளவாளிக்குப் போதுமான வேலை. அணுகுண்டு தேவையில்லை.

பலகை எழுதும்போது கவனம்: கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான். அதற்கு முன் யாழ்ப்பாண மாவட்டம். வீட்டுக்கூரையில் டிவி அன்ரனா தெரியக்கூடாது. தொலைக்காட்சி வந்ததே 1979இல். வானொலி அறிவிப்பில் ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்றே சொல்ல வேண்டும். மொரிஸ் மைனர் கிடைத்தால் இன்றைய நம்பர் பிளேட்டை மறைத்து, அந்தக்காலச் சிங்கள ஸ்ரீ எழுத்து நம்பரை மட்டையில் எழுதி ஒட்டுங்கள். காட்சி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

இரகசியக் கடிதக் காட்சியை உண்மையாகவே செய்யலாம். தேசிக்காய்ச் சாற்றில் அதேயளவு தண்ணீர் கலந்து, ஈர்க்கு நுனியால் கோடில்லாத வெள்ளைத் தாளில் எழுதுங்கள். தனிச்சாறு என்றால் காய்ந்த பிறகும் தாள் சுருங்கிப் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். நன்றாகக் காய்ந்ததும் அரிக்கன் லாம்புச் சிமினிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் பிடித்து, அசைத்துக்கொண்டே இருங்கள். எழுத்து மெல்ல மண்ணிறமாக எழும்பும். ஓரிடத்தில் நிறுத்தினால் தாள் கருகும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும், அதே கடிதத்தின் நாலைந்து பிரதிகளும் இருக்கட்டும். ஒளித்துவைக்கச் சைக்கிள் ஹாண்டில் குழாய் அருமையான இடம். ஆனால் சுருளில் நூல் கட்டி, நுனியை வெளியே விட்டுத்தான் றப்பர் பிடியை மாட்டவேண்டும். இல்லாவிட்டால் கடிதம் வளைவுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே ஏலாது.

விளையாட்டுத் துவக்குகூட வேண்டாம். இந்த மண்ணில் அதைத் தூரத்தில் காண்கிற ஒரு தாய்க்கு அது படப்பிடிப்பு என்று தெரியாது. துவக்கில்லாத உளவாளி வாயால் தப்பவேண்டி வரும், சிரிப்பும் அங்கேதான் பிறக்கும். கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள். துரத்தும் காட்சியைச் சனம் நாளாந்தம் போய்வரும் பாதையில் மட்டும் எடுங்கள். மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கம் காலே வைக்கக்கூடாது. மாடு மேய்கிறது என்பது உத்தரவாதம் அல்ல.

ஏ9 வீதி இன்றைய முகத்தோடு நிற்கிறது. குளக்கட்டும் கிரவல் பாதையும் பழையகாலத்துக்குப் பொருந்தும். காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நாலுக்குப் பிறகும் எடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் வெளியில் பதிந்த வசனம் தேறாது. அன்றே வீட்டுக்குள் கதவைச் சாத்தித் திரும்பப் பேசவைத்துப் பதியுங்கள். போன் கமெராவில் செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல்பு வெளிச்சம் துடிக்காது.

நடிகர் சிரிக்கக்கூடாது. ஐந்து கொத்து அரிசி போய்ச்சேராவிட்டால் கலியாணமே நின்றுவிடும் என்று அவர் மெய்யாகவே பதறவேண்டும். தடையில் நிற்கும் பொலிஸ்காரரையும் முட்டாளாக்காதீர்கள். அவர் தலையணையை அமத்திப் பார்க்கிற ஆளாக இருந்தால்தான் அரிசி எங்கே என்று பார்ப்பவருக்கும் நெஞ்சு இடிக்கும்.