ஊருக்குப் போகக் கேமரா வாங்கப் போகிறீர்களா?

டிக்கெட் எடுத்த கையோடு நல்ல கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசையும் வந்துவிடும். வாங்குங்கள். ஆனால் புறப்படுவதற்கு முந்தின வாரம் வேண்டாம். ஒரு மாதமாவது முன்னதாக வாங்கி, வெயிலிலும் நிழலிலும் எடுத்துக் கை பழக்கிக்கொள்ளுங்கள்.

வெளியில் படம் எடுக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வியூஃபைண்டர், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னச் சாளரம். மெகாபிக்சல் எல்லாம் அப்புறம்தான். ஒரு பயணத்துக்கு நான் வியூஃபைண்டர் இல்லாத சின்னக் கேமராவைக் கொண்டுபோனேன். உச்சி வெயிலில் பின்திரையில் என் முகமும் வானமும்தான் தெரிந்தன. பெரியப்பா மர நிழலில் நின்றுகொண்டிருந்தார். குத்துமதிப்பாக ஐந்தாறு படம் எடுத்தேன். இரவு போட்டுப் பார்த்தால், பின்னால் இருந்த வயல் வெள்ளை வெளேரென்று இருந்தது, பெரியப்பா வெறும் நிழலுருவமாக நின்றார். இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

மிரர்லெஸ் கேமராவில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதது, வியூஃபைண்டருக்குள் ஒரு சின்னத் திரை இருக்கும்) கண்ணை வைத்துப் பார்த்தால், படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பது எடுக்கும் முன்பே தெரியும். முகம் இருண்டிருந்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் சக்கரத்தைக் கூட்டல் பக்கம் ஒரு படி திருப்புங்கள். கண்ணும் மூக்கும் மெல்லத் தெளிந்து வருவதை அங்கேயே பார்க்கலாம். உள்ளே இருக்கும் கண்ணாடி வழியாகக் காட்சியை நேராகக் காட்டும் டிஎஸ்எல்ஆரிலும் வெயிலில் காட்சி நன்றாகத் தெரியும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் வெளிச்சம் சரியா என்பது எடுத்த பிறகுதான் புரியும். ஒன்று கவனம்: மிரர்லெஸின் மின்னணு வியூஃபைண்டரின் கண்ணாடியில் நேர் வெயில் விழும்படி கேமராவை வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் திரை கருகிவிடும்.

வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சாரைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஃபுல் ஃபிரேம் என்கிற பெரிய சென்சார் 36க்கு 24 மி.மீ., ஏபிஎஸ்-சி என்கிற சிறியது ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ. பெரிய சென்சாரின் பலம் மங்கிய வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். பகலில் எடுக்க ஏபிஎஸ்-சி தாராளமாகப் போதும், லென்ஸும் சிறியதாக இருக்கும். நாள் முழுக்கக் கழுத்தில் தொங்கப்போகிற பாரம் அது, பெட்டியில் கிடக்கிற கேமராவால் ஒரு படமும் வராது. 24 மெகாபிக்சல் படத்தை 20 அங்குல அகலத்துக்கு அருமையாக அச்சிடலாம். அதற்கு மேல் நம்மில் எத்தனை பேருக்குத் தேவை?

லென்ஸ் ஒன்றே போதும் என்பது என் முடிவு. ஏபிஎஸ்-சி கேமராவுக்கு 18-135 மி.மீ. போன்ற ஒரு ஜூம் இருந்தால் வீட்டு முற்றமும் அடங்கும், தூரத்து மரக்கிளையில் இருக்கிற பறவையும் ஓரளவு கிட்ட வரும். புழுதிக் காற்றில் லென்ஸைக் கழற்றி மாற்றினால் தூசி சென்சாரில் போய் ஒட்டும், அப்புறம் ஒவ்வொரு படத்தின் வானத்திலும் கறுப்புப் புள்ளிதான். தூசி, தூறலைத் தாங்கும் கேமரா என்று சொன்னால், லென்ஸுக்கும் அந்தக் காப்பு உண்டா என்று கேளுங்கள். ஒன்றுக்கு மட்டும் இருந்து பயனில்லை.

ஏசி அறையிலிருந்து புழுக்கத்துக்குள் வந்ததும் லென்ஸ் பனித்துப்போகும். துணியால் தேய்க்காதீர்கள். அறையிலேயே காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கேமராவைப் போட்டு மூடி, வெளியே வந்து அரை மணி நேரம் பொறுத்துத் திறந்தால் ஈரம் பையின் மேலேயே தங்கிவிடும். பல நாள் ஈரத்தில் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், கேமராப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டுவையுங்கள்.

உபரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிக்குள் வைக்க அனுமதி இல்லை. உலோக முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி உறையில் போடுங்கள். மிரர்லெஸ் என்றால் இரண்டு உபரி பேட்டரி வேண்டும்.

இறங்கியதும் கேமராவின் கடிகாரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். சொந்தக்காரர்கள் போனில் எடுத்த படங்களோடு சேர்க்கும்போது வரிசை குழம்பாது. தினமும் படுக்கப் போகும் முன் கார்டில் உள்ளதை வேறொன்றிலும் பிரதி எடுத்துவையுங்கள்.