பி.எல்.பி: டெஸ்ட் செய்வது, பேட்டரி மாற்றுவது எப்படி?

கோவளம் பக்கம் கயாக் ஓட்டுபவர்களும் பாய்மரப் படகு பழகுபவர்களும் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்ளும் கையடக்கக் கருவிதான் பி.எல்.பி (பர்சனல் லொகேட்டர் பீக்கன்). ஆபத்து நேரத்தில் ஆன்டெனாவை நிமிர்த்தி இயக்கினால், 406 மெகாஹெர்ட்ஸில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற சர்வதேச மீட்பு அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குச் சிக்னல் போகும். குறைந்தது 24 மணி நேரமாவது பேட்டரி தாக்குப்பிடிக்க வேண்டும்.

முதலில் லேபிளைப் பாருங்கள். பேட்டரி காலாவதியாகும் மாதமும் வருடமும் அதில் இருக்கும். தேதி தாண்டியிருந்தால் டெஸ்டில் பச்சை விளக்கு எரிந்தாலும் பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும். லித்தியம் பேட்டரியின் வோல்டேஜ், சார்ஜ் தீரும் தறுவாய் வரை பெரிதாக இறங்காது. அதனால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதை நான் நம்புவதில்லை. ஆபத்தில் ஒருமுறை இயக்கிய கருவிக்கும் அப்படித்தான். தேதி பாக்கி இருந்தாலும் புது பேட்டரி வேண்டும்.

அடுத்து டெஸ்ட். மேனுவலில் சொன்னபடி டெஸ்ட் பட்டனை அழுத்தி, விளக்கு எப்படி மின்னுகிறது என்று பாருங்கள். அப்போது போகும் சிக்னலில் சோதனைக்கான அடையாளம் இருப்பதால் மீட்புப் படை கிளம்பி வராது. ஆனால் ஒவ்வொரு டெஸ்டும் பேட்டரியைக் கொஞ்சம் தின்னும், ஜி.பி.எஸ் டெஸ்ட் இன்னும் அதிகமாக. ஆசைக்கு அழுத்திப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது.

சரி, மாற்றுவது? பல மாடல்களை நாமே திறக்கக் கூடாது. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குத்தான் அனுப்ப வேண்டும். நீங்களே மாற்றலாம் என்று மேனுவல் சொன்னால் மட்டும், அந்த மாடலுக்கான பேட்டரி கிட்டையே வாங்குங்கள். சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அதே அளவில் ஒரு செல் கிடைக்கிறதே என்று போட வேண்டாம்.

மூடியைக் கழற்றும் முன் உப்பையும் மணலையும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். இதில் பேட்டரியை விட, மூடி வழியாகத் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்தான் முக்கியம். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதில் கிட்டோடு வந்த கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். அது உட்காரும் பள்ளத்தில் விரலை ஓட்டினால் ஒரு மணல் துகள்கூட நெருடக் கூடாது. நெருடினால் அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஸ்க்ரூக்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். அப்புறம் புது தேதி லேபிளை ஒட்டி, ஒரே ஒருமுறை டெஸ்ட் செய்யுங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் இதை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கைதவறி நிஜமாகவே இயக்கிவிட்டால் உடனே அணைத்துவிட்டு, கடலோரக் காவல் படையின் 1554 எண்ணுக்குப் போன் செய்து சொல்லுங்கள். பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.