திசையிலிப் புலத்தால் முடுகும் அண்டம்: பைத்தானில் கணக்கிடும் முறை

அண்ட விரிவு முடுகுவதை 1998இல் இரண்டு குழுக்கள் சூப்பர்நோவாக்களைக் கொண்டு கண்டறிந்தன. அதற்கும் முன்பே, 1988இல், ராத்ராவும் பீபிள்ஸும் ஒரு பக்கமும் வெட்டரிச் தனியாகவும், மெதுவாக உருளும் திசையிலிப் புலம் (ஒவ்வொரு புள்ளியிலும் திசையற்ற ஓர் எண் மதிப்பு மட்டும் கொண்ட புலம்) ஒன்றை முன்மொழிந்திருந்தனர். அவற்றுள் எளிய வகையான, அடுக்குக்குறி வடிவில் சரியும் நிலையாற்றல் கொண்ட புலத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். ஃபிரீட்மன் சமன்பாடு தெரியும் எனக் கொள்கிறேன்.

படி 1. நேரத்தை நொடிகளில் எழுத வேண்டாம். விரிவுக் காரணியின் இயற்கை மடக்கையையே கடிகாரமாகக் கொள்ளுங்கள். மொத்த அடர்த்தியில் புலத்தின் இயக்க ஆற்றலுடைய பங்கு இ², நிலையாற்றலுடைய பங்கு நி², சரிவின் செங்குத்து அளவு ல என்க. கதிர்வீச்சை விட்டுவிட்டால் (′ என்பது இக்கடிகாரத்தைப் பொறுத்த மாறுவீதம்):

இ′ = −3இ + √(3/2) ல நி² + (3/2) இ (1 + இ² − நி²)
நி′ = −√(3/2) ல இ நி + (3/2) நி (1 + இ² − நி²)

முதல் சமன்பாட்டின் −3இ என்பது விரிவு தரும் உராய்வு; புலம் வேகமாக உருண்டுவிடாமல் தடுப்பது அதுவே.

படி 2. பைத்தானின் சைபை நூலகத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வ்-ஐவிபி (solve_ivp) போதும். ஆய்லர் முறையைக் கையால் எழுதுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தொடக்கத்தில் இ = 0, நி = 0.0008, ல = 1 என வைத்து, கடிகாரத்தை 0 முதல் 8 வரை ஓட்டுங்கள்.

படி 3. பலரும் திணறும் இடம் இது. இன்று புலத்தின் பங்கு 0.7 ஆக இருக்க வேண்டும் என்பதற்காக, தொடக்க மதிப்பை மாற்றி மாற்றித் தேடுகிறார்கள். அது தேவையில்லை. சமன்பாடுகளின் வலப்பக்கத்தில் கடிகாரம் நேரடியாக வருவதேயில்லை. எனவே இ² + நி² எந்தக் கணத்தில் 0.7ஐத் தொடுகிறதோ அதற்கு 'இன்று' எனப் பெயரிட்டு, அச்சை அங்கே பூஜ்யமாக நகர்த்தினால் போதும்.

படி 4. புலத்தின் அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் (இ² − நி²)/(இ² + நி²). ல = 1 எனில் அது தொடக்கத்தில் −1 அருகே உறைந்திருந்து, இன்று −0.85 அளவுக்கு ஏறும். புலத்துக்குப் பதில் அண்டவியல் மாறிலியாயின் (விரிவிலும் அடர்த்தி மாறாத ஆற்றல்) அது என்றும் −1தான்.

பின்சேர்க்கை. ல-வை 5 என வைத்த ஒரு வாசகருக்கு 'இன்று' கிடைக்கவேயில்லை. நிரலில் பிழையில்லை: ல² > 3 ஆனால் புலம் பருப்பொருளைப் பின்தொடர்ந்து, 3/ல² பங்கில், அதாவது 0.12இல், நிலைகொள்ளும். நிலைத்த முடுக்கத்துக்கு ல² < 2 வேண்டும்.

அரிசோனாவின் கிட் பீக்கில் இயங்கும், விண்மீன் மண்டலங்களின் பரவலைக் கொண்டு அண்ட விரிவை அளக்கும் டெசி (DESI) ஆய்வின் 2024, 2025 முடிவுகளுடன் ஒப்பிட விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அம்முடிவுகளுக்கு நன்கு பொருந்தும் வளைவுகள் கடந்த காலத்தில் −1க்குக் கீழே இறங்குகின்றன, இப்புலத்தின் விகிதமோ −1க்குக் கீழே போகவே இயலாது.