கனடா துணைவர் ஸ்பொன்சர் விண்ணப்பம் நகரவில்லையா? எங்கே, எப்படிக் கேட்பது

கணவர் ரொறன்ரோவில், மனைவி யாழ்ப்பாணத்தில். ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டு மாதங்கள் ஓடிவிட்டன, குடிவரவுத் திணைக்களத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. இந்த நேரத்தில் 'எங்கள் விண்ணப்பம் என்ன நிலையில் இருக்கிறது?' என்று எழுதினால், 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில்தான் திரும்பி வரும். ஃபைல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று முதலில் நீங்கள் கண்டுபிடியுங்கள். பிறகு அந்தக் கட்டத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: ஏஓஆர் எனப்படும், விண்ணப்பம் கிடைத்ததை உறுதிசெய்யும் கடிதம், அதிலுள்ள விண்ணப்ப இலக்கம் (குடும்பப் பிரிவுக்கு 'எஃப்' எழுத்தும் ஒன்பது இலக்கங்களும்), யூசிஐ எனப்படும் வாடிக்கையாளர் இலக்கம் (8 அல்லது 10 இலக்கங்கள்). ஸ்பொன்சர் செய்பவரின் யூசிஐ வேறு, விண்ணப்பதாரரின் யூசிஐ வேறு. இரண்டையும் மாற்றிப் போட்டால் இணையத்தளம் உங்களை அடையாளம் காணாது. எங்கள் பெயர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தகப்பன் பெயர் கடவுச்சீட்டில் ஒரு இடத்திலும், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு இடத்திலும் இருக்கும். ஆங்கில எழுத்துக் கூட்டலும் மாறும். எது சரியான பெயர் என்று யோசிக்காமல், ஏஓஆர் கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே உள்ளிடுங்கள்.

ஏஓஆர் இன்னும் வரவில்லை என்றால், உங்கள் விண்ணப்பம் முழுமையா என்று பார்க்கும் கட்டமே முடியவில்லை என்று பொருள். ஒரு கையொப்பம், ஒரு படிவம், கட்டண ரசீது ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மீண்டும் அனுப்பும்போது வரிசையில் பழைய இடம் கிடைக்காது. ஆகவே மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள். முகவர் மூலம் போட்டிருந்தால் கடிதங்கள் அவருக்கே போகும். அவரிடமிருந்து ஒவ்வொரு கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. அவர் பதில் சொல்லாவிட்டால் ஐஎம்எம் 5476 படிவத்தை நிரப்பி அவரது நியமனத்தை ரத்துச் செய்யலாம்.

ஏஓஆருக்குப் பிறகு வழக்கமாகப் பார்க்க வேண்டிய கட்டங்கள் இவை: ஸ்பொன்சரின் தகுதி, கைரேகை, மருத்துவம், உறவு உண்மையானதா என்ற தகுதி ஆய்வு, பின்னணிச் சோதனை, முடிவு. இவை ஒன்றுக்குப் பின் ஒன்றாகவே வரும் என்றில்லை. சில ஒரே நேரத்தில் நடக்கும். திணைக்களத்தின் இணைய டிராக்கரில் ஒவ்வொன்றின் நிலையும் தெரியும். 'பின்னணிச் சோதனை நடக்கிறது' என்று கண்டதும் பலர் பயந்துவிடுகிறார்கள். குற்றப் பதிவும் பாதுகாப்பும் அந்த ஒரு தலைப்புக்குள்ளேயே அடங்கும், எல்லா ஃபைலும் அதைக் கடந்துதான் போக வேண்டும்.

கைரேகைக் கடிதம் வந்தால் 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். மருத்துவத்துக்கும் 30 நாட்கள், அதுவும் திணைக்களம் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும். மருத்துவம் 12 மாதங்களுக்குத்தான் செல்லும். விண்ணப்பம் இழுத்துக்கொண்டு போனால் அது காலாவதியாகும்; அதற்காக நீங்களாகவே மறுபடி ஓடிப்போய்ச் செய்ய வேண்டாம், புதிய அறிவுறுத்தல் கடிதம் வரட்டும்.

எப்போது கேட்கலாம்? திணைக்களத்தின் பக்கத்தில் உங்கள் வகைக்குரிய பரிசீலனைக் காலத்தைப் பாருங்கள். கியூபெக்குக்கு வெளியே துணைவர் விண்ணப்பத்துக்கு நீண்ட காலமாகச் சொல்லப்படும் இலக்கு 12 மாதங்கள், அதுவும் 80 சதவீத விண்ணப்பங்களுக்கு. கியூபெக்கில் மாகாண அரசின் ஒப்புதலும் தனியாக வேண்டும், ஆகவே மற்ற மாகாணத்தவரோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். காலம் முடியுமுன் 1-888-242-2100 இலக்கத்துக்கு அழைத்தால் (கனடாவுக்குள் இருந்து மட்டும் வேலை செய்யும்) அழைப்பை எடுப்பவர் உங்கள் திரையில் தெரிவதைத் தாண்டி எதுவும் சொல்லமாட்டார்.

ஆனால் காலம் முடியுமுன்பே, கேட்காமலே சொல்லியாக வேண்டியவை சில இருக்கின்றன. இவற்றில்தான் குடும்பங்கள் மிகவும் அடிபடுகின்றன. குழந்தை பிறந்தால் உடனே அறிவியுங்கள். அந்தக் குழந்தை உங்களோடு கனடா வராவிட்டாலும் அறிவியுங்கள். அறிவிக்காமல் நிரந்தர வதிவிடம் பெற்றுவிட்டால், அந்தக் குழந்தையைப் பின்னர் குடும்பப் பிரிவில் ஸ்பொன்சர் செய்ய முடியாதபடி விதிகள் தடுக்கின்றன. வீட்டு முகவரி, புதிய கடவுச்சீட்டு, வேலை மாற்றம் எல்லாமும் இதில் அடங்கும். ஸ்பொன்சர் குடியுரிமை இல்லாத நிரந்தர வதிவாளர் என்றால் முடிவு வரும்வரை கனடாவில் வாழ வேண்டும். கூட இருக்க ஊருக்குப் போய் ஒரு வருடம் தங்கிவிட்டால் தகுதியே போய்விடலாம். அரச சமூக உதவிப் பணம் எடுப்பதும் (உடல் இயலாமைக்கு எடுப்பது தவிர) தகுதியைப் பறிக்கும்.

இனி வெப்ஃபோர்ம், அதாவது திணைக்களத்துக்குக் கேள்வி அனுப்பும் இணையப் படிவம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ, பத்து வரிக்குள் எழுதுங்கள். முதல் வரியில் விண்ணப்ப இலக்கம், யூசிஐ, பிறந்த திகதி. அடுத்து நடந்தவை திகதியோடு: 'ஏஓஆர் இந்த நாளில், ஸ்பொன்சர் அங்கீகாரம் இந்த நாளில், மருத்துவம் தேறியது இந்த நாளில்.' கடைசியில் ஒரே கேள்வி: 'தகுதி ஆய்வு முடிந்துவிட்டதா, எங்களிடமிருந்து ஏதாவது ஆவணம் வேண்டுமா?' பிரிவின் வேதனையைப் பக்கக் கணக்கில் எழுத மனம் வரும், அது இயல்பு. ஆனால் அது உள்ளே இருக்கும் கேள்வியை மறைத்துவிடும். வாரம் ஒன்றாக அனுப்புவதும் ஃபைலை நகர்த்தாது. அனுப்பியதும் வரும் உறுதி இலக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

உண்மையில் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவது ஜிசிஎம்எஸ் குறிப்புகள்தான். அதிகாரிகள் கணினியில் எழுதியவை. தகவல் அறியும் சட்டத்தின் கீழ் இணையத்தில் 5 டொலர் கட்டிக் கேட்கலாம். விண்ணப்பதாரர் வெளிநாட்டில் இருந்தால், கனடாவில் உள்ள ஸ்பொன்சர் அவரது சம்மதப் படிவம் ஐஎம்எம் 5744 உடன் கேட்கலாம். சட்டப்படி 30 நாட்கள், ஆனால் நீட்டிப்பார்கள். ஏஓஆர் வந்த மறுவாரமே கேட்டால் வெறும் பக்கங்கள்தான் கிடைக்கும். சில மாதம் அசைவில்லாத பிறகு கேளுங்கள். வந்ததும் 'தகுதி', 'குற்றப் பதிவு', 'பாதுகாப்பு' என்ற வரிகளைத் தேடுங்கள். பாதுகாப்பு வரி மட்டும் 'நடக்கிறது' என்றிருந்தால், ஃபைல் கனடா எல்லைச் சேவை முகமையிடமோ உளவுச் சேவையிடமோ இருக்கலாம். அப்போது எல்லை முகமைக்கும் தனியாக ஒரு தகவல் கோரிக்கை போடுங்கள்.

பரிசீலனைக் காலம் தாண்டிவிட்டதா? ஸ்பொன்சர் வசிக்கும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குப் போங்கள். இது இலவசம். அவர்களது சம்மதப் படிவத்தில் கையொப்பம், ஏஓஆர் நகல், நீங்கள் தொகுத்த திகதிப் பட்டியல் போதும். முடிவை அவர்களால் மாற்ற முடியாது. கேள்வியை வேறு வழியால் உள்ளே அனுப்ப முடியும். மாகாண உறுப்பினரிடம் போக வேண்டாம், குடிவரவு ஃபைலை மத்திய அரசுதான் பார்க்கிறது.

கடைசி வழி மத்திய நீதிமன்றத்தில் மண்டேமஸ், அதாவது 'முடிவெடு' என்று ஆணையிடக் கேட்பது. கொனீல் வழக்கில் நீதிமன்றம் மூன்று விடயங்களைப் பார்த்தது: தாமதம் அந்த வேலைக்கு இயல்பாகத் தேவைப்படும் காலத்தைத் தாண்டியதா, விண்ணப்பதாரர் அதற்குக் காரணமில்லையா, அரசு திருப்தியான விளக்கம் தரவில்லையா. நீங்கள் சேமித்த உறுதி இலக்கங்களும் பதில்களும் இங்கேதான் சாட்சியாகின்றன. பொதுவாக வழக்கறிஞர் முதலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவார். சில ஃபைல்கள் அதோடு நகர்வதும் உண்டு.

இடையில் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்தால், அதிலுள்ள கெடு திகதிதான் எல்லாவற்றுக்கும் மேல். பொலிஸ் சான்றிதழ் வரத் தாமதமானால் கெடு முடியுமுன்பே, நீங்கள் விண்ணப்பித்ததற்கான ரசீதோடு அவகாசம் கேளுங்கள். 'நடைமுறை நியாயக் கடிதம்' என்று வந்தால் மட்டும் தனியாகப் பதில் எழுதவேண்டாம். அது மறுப்புக்கு முந்திய எச்சரிக்கை. பொய்த்தகவல் என்று முடிவானால் ஐந்து வருடத் தடை வரும். அன்றைக்கே உரிமம் உள்ள வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடவுச்சீட்டைக் கேட்டு மின்னஞ்சல் வரும் நாளில், அதன் காலாவதித் திகதியையும் மருத்துவம் முடியும் திகதியையும் ஒருமுறை பாருங்கள். அதன்பின் தரப்படும் நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தின் கெடு பெரும்பாலும் இவற்றில் எது முந்தியோ அதையொட்டித்தான் அமையும். அதற்குள் கனடாவில் வந்திறங்க வேண்டும்.